தெரு வந்து முட்டிய வீடு

எங்கள் வீடு தப்பித்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை வாசிப்பவரின் வயிற்றில் புளியைக் கரைத்து வேடிக்கை பார்க்கும் பழக்கம் எனக்கில்லை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். விடைத்தாளைத் திருத்தி மேஜைமேல் வைத்துக்கொண்டு மதிப்பெண்ணைச் சொல்லாமல் பிள்ளைகளைத் தவிக்கவிடும் டீச்சர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆகவே, வீடு இருக்கிறது. நாங்களும் அதில்தான் இருக்கிறோம். இதை எழுதும்போது என் கணவர் பின்பக்கம் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறார்.

எப்படித் தப்பித்தது என்பதுதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் சிலர் என்னைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நீங்க கண்டிப்பா முன்னால வந்து சாட்சி சொல்லணும்” என்றார்கள். நான் பிடிகொடுக்கவில்லை. ஆண்டவர் எங்கள் வீட்டைக் காப்பாற்றினார் என்று மைக்கைப் பிடித்துச் சொல்ல எனக்கும் ஆசைதான். எந்த வழியாகக் காப்பாற்றினார் என்று யாராவது கேட்டால், எங்கள் தெருக்காரர்கள் அத்தனை பேருடைய மானமும் அந்த மைக் வழியாகவே போகும். நியாயம் ஜெயித்தது என்றும் யாரும் சொல்ல வேண்டாம். நியாயம் அந்தப் பக்கமே வரவில்லை.

செகந்திராபாத்துக்குப் பக்கத்தில் ஹப்சிகுடாவில் பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பினால் எங்கள் காலனி. மத்திய அரசு ஆலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் வேலை பார்த்தவர்கள் கூட்டுறவு சங்கம் வைத்து நிலம் வாங்கி, மனை பிரித்து, குலுக்கல் போட்டுப் பங்கிட்டுக்கொண்டது. என் கணவருக்கு நகரத்தின் மேற்குக் கோடியில், ராமச்சந்திராபுரம் ஆலையில் வேலை. எனக்கு செகந்திராபாத்தில் பள்ளிக்கூடம். என் பள்ளிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று அவர் இந்தக் காலனியில் பெயர் கொடுத்தார். அதற்காக வேலைக்காலம் முழுவதும் கம்பெனி பஸ்ஸில் நகரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கடந்து போய்வந்தார். இன்றைக்கும் நான் ஏதாவது குறை சொன்னால் அந்த பஸ் பயணத்தை எடுத்து முன்னால் வைப்பார்.

குலுக்கலில் எங்களுக்கு நடுத்தெருவில் நல்ல மனைதான் விழுந்தது. தெருக்கோடி மனை வேறொருவருக்கு விழுந்தது. தெரு நேராக ஓடிவந்து அந்த மனையில் முட்டி, அங்கிருந்து இடமும் வலமுமாக இரண்டு சந்துகளாகப் பிரியும். தெருக்குத்து என்பார்களே, அதுவேதான். அது விழுந்தவர் காஞ்சன்பாக் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அன்று வீட்டில் சாப்பாடே இறங்கவில்லையாம். மறுநாள் காலையே எங்களைத் தேடி வந்தார். “நீங்க கிறிஸ்டியன்தானே சார், உங்களுக்கு இந்த தோஷமெல்லாம் கிடையாதே, மாத்திக்கலாமா?” என்று கேட்டார். மனை கொஞ்சம் பெரியதாகவும் இருந்ததால் என் கணவர் உடனே சரி என்றார். அந்த மனிதர்தான் பின்னாளில் எங்கள் காலனி சங்கத்தின் செயலாளர். இந்தக் கதையில் அடிக்கடி வருவார்.

நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த புதிதில் பக்கத்துச் சந்திலிருந்த தெலுங்குக்கார அம்மா வந்து, மதிலில் ஒரு சின்ன விநாயகரைப் பதித்துவிடுங்கள், உங்கள் ஏசு கோபித்துக்கொள்ள மாட்டார் என்று அன்பாகச் சொன்னார். என் கணவர் சிரித்துக்கொண்டே, “தெரு வந்தா வரட்டும்மா, காப்பி குடுத்து அனுப்பிருவோம்” என்றார். அப்போது அவருக்குக் கண் நன்றாகத் தெரிந்தது.

ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்தில் பார்வை போகத் தொடங்கியது. ஓரங்களிலிருந்து ஆரம்பித்து நடுவுக்கு வந்து, ஒரு மழைக்காலத்தில் எல்லாம் இருட்டாகிவிட்டது. கண்ணுக்குள் அழுத்தம் என்றார்கள். செய்ய வேண்டிய வைத்தியமெல்லாம் செய்தோம், நின்றதாகத் தெரியவில்லை. நான் உட்கார்ந்து அழுதேன். அவர் அழவில்லை. வீட்டைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்.

அப்படித்தான் சொல்லவேண்டும். சுவரில் விரல்நுனி பட்டும் படாமலும் போகும். கதவுநிலை வந்தால் தோள் தானாகத் திரும்பும். சமையலறையில் தேயிலை டப்பா எது, சர்க்கரை டப்பா எது என்று மூடியைத் தொட்டே அறிவார். பால் பொங்குவது எனக்குக் கேட்பதற்கு முன்னால் அவருக்குக் கேட்கும். கொல்லையில் கொய்யா மரத்தில் எது பழுத்தது என்று தடவிப் பார்த்துப் பறிப்பார். காலையில் கேட்டில் மாட்டிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து வருவது அவர்தான். நான் ஒரு ஸ்டூலை இடம் மாற்றிவிட்டால் வீடே அதிரும். முதல்முறை வருகிறவர்கள் அவர் கொடுத்த தேநீரைக் குடித்து முடித்துத்தான் அவருக்குப் பார்வை இல்லை என்று கண்டுபிடிப்பார்கள். ஆனால் கேட்டைத் தாண்டினால் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார், தோள் குறுகிவிடும். கேட்டுக்கு உள்ளே அவர் ஒரு ஆள், வெளியே வேறு ஆள். ஆகவே இந்த வீடு போகும் என்றபோது எனக்குச் செங்கல்லும் சிமெண்டும் நினைவுக்கு வரவில்லை. இந்த மனிதர் இனி எங்கே நடப்பார் என்பதுதான் முதலில் வந்தது.

இனி தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் தெருவில் மதில் கட்டுவதற்கு ஒரு முறை உண்டு. கொத்தனார் வந்ததும் முதலில் பக்கத்து வீட்டு மதில் மூலையில் ஆணி அடித்து நூல் கட்டுவார். லைன் பார்த்துக் கட்டுவது என்று அதற்குப் பெயர். பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே செம்பருத்திக்காக ஒரு முழம் வெளியே வந்திருப்பார். புது மதில் அவரோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டாமா? ஆகவே நூல் அங்கிருந்து கிளம்பி இங்கே வரும். கட்டி முடித்தபின் காருக்கு வாசலில் ஒரு சரிவு, சரிவின் இருபுறமும் குரோட்டன்ஸ், குரோட்டன்ஸை மாடு மேயாமலிருக்க ஒரு கம்பிவேலி. சில வருடத்தில் வேலி துருப்பிடிக்கும், அதையே மதிலாக்குவார்கள். அடுத்தவர் கட்டும்போது நூல் இந்தப் புது மூலையிலிருந்து கிளம்பும். ஒருவரும் திருடவில்லை. ஆளாளுக்கு அண்டை வீட்டை அனுசரித்துப் போனார்கள், அவ்வளவுதான். எதிர்ச்சாரியிலும் இதே மரியாதை. எங்கள் வீடு தெருக்கோடியில் குறுக்கே தனியாக நிற்பதால் நூல் கட்ட எங்களுக்கு வரிசை கிடையாது. நாங்கள் யோக்கியர்கள் என்று சொல்லிக்கொள்ளமாட்டேன். வாய்ப்பு அமையவில்லை.

இப்படி இரண்டு பக்கமும் தெருவுக்குள் நகர்ந்து நகர்ந்து வந்ததில், குப்பை வண்டி நுழைந்தால் ஸ்கூட்டர் ஒதுங்க இடமில்லை என்ற நிலை வந்தது. பள்ளி பஸ்கள் தெருமுனையோடு நின்றுகொண்டன. சங்கக் கூட்டம் கூடி யோசித்தது. எங்கள் பின்மதிலுக்கு அப்பால் கொஞ்சம் புறம்போக்கு, அதைத் தாண்டினால் தார்நாக்கா போகும் சாலை. தெருவை நேராக அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் எல்லாருக்கும் வசதி, மனை விலையும் ஏறும். நடுவில் இருப்பது ஒரே ஒரு வீடு. அது எங்கள் வீடு.

அந்தக் கூட்டத்துக்கு எங்களை அழைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குச் செயலாளர் வழக்கம்போல வந்தார். முந்திரிக்கொத்து என்றால் அவருக்கு உயிர். இரண்டு எடுத்துச் சாப்பிட்டு, வீட்டுக்கும் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு, என் கணவர் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார். எல்லாருடைய கையெழுத்தோடும் மனு அப்போதே மாநகராட்சிக்குப் போயிருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டை இடிக்கக் கேட்டதைக்கூட நான் ஒரு மாதிரி மன்னித்துவிட்டேன். அந்த டப்பாவை மட்டும் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பிப்ரவரியில் ஒரு காலை மாநகராட்சி ஆட்கள் வந்து எங்கள் கேட் தூணில் சிவப்புப் பெயிண்டால் ஒரு குறி போட்டார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து என் கணவர் கேட்டார்.

“பெயிண்ட் வாடை வருதே, யாரு வீட்ல அடிக்காங்க?”

“நம்ம வீட்லதான். கார்ப்பரேஷன்காரங்க. ரோட்டுக்கு எடுக்கப் போறாங்களாம்.”

“எவ்வளவு தூரத்துக்கு?”

“தூரமெல்லாம் இல்ல. முழுசா.”

“சரி, உள்ள வா, தோசை ஆறுது” என்றார். அன்றிலிருந்து அவர் பேச்சு இதே மாதிரிதான். போனால் போகட்டும், ஒரு ஃப்ளாட்டுக்குப் போய்விடுவோம், லிஃப்ட் இருக்கும், உனக்கும் முழங்கால் வலிக்கு நல்லது. எனக்கு அவர் தைரியம் எரிச்சலாக வந்தது. நான் ராத்திரி பகல் தெரியாமல் தவித்துக்கொண்டிருக்க, இவர் ஏதோ ரயிலில் பெர்த் மாறி உட்காருவதுபோலப் பேசினார்.

ஆட்சேபம் தெரிவிக்கக் கெடு கொடுத்து நோட்டீஸ் வந்தது. நஷ்டஈட்டுப் பணத்துக்குப் பதிலாக ஒரு பத்திரம் கொடுப்பதும் வழக்கமாம். அதை வைத்துக்கொண்டு நகரத்தில் வேறெங்காவது இருக்கும் நம் மனையில் கூடுதலாக ஒரு மாடி கட்டிக்கொள்ளலாம், அல்லது மாடி கட்டுகிறவருக்கு விற்கலாம். எங்களுக்கு வேறெங்கும் மனை கிடையாது. இடிந்த வீட்டின்மேல் எந்த மாடியைக் கட்டுவது என்று பக்கத்துச் சந்து அம்மாவிடம் கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏன் என்று அப்போது புரியவில்லை.

மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவுக்குப் போனபோது புரிந்தது. அங்கே இருந்த அதிகாரி ஒரு இளம்பெண், என் மகள் வயதுதான் இருக்கும். நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, மரியாதையாகப் பேசினாள். நான் தெலுங்கில் ஆரம்பித்ததும் இன்னும் இளகினாள். கோப்பைத் திருப்பி எங்கள் காலனியின் மனுவைக் காட்டினாள். எல்லாக் கையெழுத்தும் இருந்தது. பக்கத்துச் சந்து அம்மாவின் வட்டமான தெலுங்குக் கையெழுத்தும் இருந்தது.

மனுவைப் படித்ததுமே எழுதியவர் யாரென்று தெரிந்துவிட்டது. எங்கள் செயலாளர் வேலைக்காலம் முழுவதும் ஆபீசில் குறிப்பு எழுதியே பெயர் வாங்கியவர். ஒரு வாக்கியத்தில் முடிவதை மூன்று பத்தியாக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. தெருவை நீட்டித்துத் தாருங்கள் என்று கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில் ஒரு பத்தி சேர்த்திருந்தார். அங்கீகரிக்கப்பட்ட மூல லேஅவுட்டின்படி எங்கள் தெருவை அதன் முழு அகலத்துக்கும் மீட்டெடுத்து, அதே அகலத்தில் நீட்டிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம் என்று கம்பீரமான ஆங்கிலம். நான் மனதுக்குள் சிவப்பு மசியால் அதை அடித்தேன். தேவையில்லாத பத்தி என்று தோன்றியதே தவிர, அதன் அர்த்தம் எனக்கும் அன்று உறைக்கவில்லை.

என் கணவருடைய நிலையைச் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “மேடம், எனக்குப் புரிகிறது. ஆனால் ஒருவருக்கு வீடு பழகியிருக்கிறது என்பது விதியில் வராது. எழுதிக் கொடுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.” அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. யார்மேலாவது கோபப்பட்டால் பாதிப் பாரம் இறங்கியிருக்கும்.

எங்கள் மகள் பெங்களூரில் இருக்கிறாள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள், அப்பாவிடம் மட்டும் கொஞ்சம் தமிழ் வரும். அவள் ஓடிவந்தாள். “மம்மி, ஃபைட் பண்றத பண்ணுங்க, பட் பிளான் பி வேணும்” என்று சொல்லி, தார்நாக்காவில் ஒரு ஃப்ளாட்டைப் பார்க்க ஏற்பாடு செய்தாள். நல்ல ஃப்ளாட், குறை சொல்ல முடியாது. வெளிச்சம், காற்று, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. வீட்டுக்காரரும் நல்ல மாதிரி, எங்களைச் சுற்றிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பால்கனியில் நின்றுகொண்டார்.

என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அசையவேயில்லை. கை இரண்டையும் தொடைமேல் வைத்து, பெண் பார்க்க வந்த வீட்டில் உட்காரும் மாப்பிள்ளை மாதிரி இருந்தார். நானும் மகளும் அறை அறையாகப் பார்த்துவிட்டு வரும்வரை அப்படியே. வீட்டில் சும்மா உட்காரச் சொன்னால் கேட்காத மனிதர். திரும்பி வந்ததும் தணிந்த குரலில், “ஏ பிள்ள, ஒண்ணுக்குப் போகணும், கொஞ்சம் கூட்டிட்டுப் போறியா?” என்றார். எத்தனை நேரம் அடக்கிக்கொண்டு இருந்தாரோ தெரியாது. கூட்டிப்போனேன். திரும்பி வரும்போது கதவுநிலையில் தோளை இடித்துக்கொண்டார். “ஸாரி” என்று கதவிடம் சொன்னார். மகள் பால்கனிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் நேரே சமையலறைக்குப் போய் எங்களுக்கு டீ போட்டார். நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதற்குப்பின் எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது. அலமாரிகளை ஒழிக்கத் தொடங்கினேன். ஒழித்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் பழைய இடத்திலேயே திரும்ப வைத்தேன், அவர் தடுமாறக்கூடாதே என்று.

ஏப்ரலில் வெயில் ஏறுமுன் ஒரு காலை சர்வேயர்கள் வந்தார்கள். எங்கள் வீட்டை அளக்கத்தான் வருகிறார்கள் என்று நான் கேட்டைத் திறந்துவைத்தேன். அவர்கள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. தெருமுனையில், முதல் வீட்டு மதிலில் ஆரம்பித்தார்கள். கையில் பழைய லேஅவுட் படம். கூடவே அந்த இளம் அதிகாரி. நீட்டிக்கும் சாலை முழு அகலத்தில் இருக்கவேண்டும் என்றால், முதலில் இருக்கும் சாலை முழு அகலத்தில் இருக்கவேண்டும். காலனிக்காரர்களே எழுத்தில் கேட்டிருக்கிறார்கள்.

டேப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முன்னே போக, பெயிண்ட் டப்பாவோடு ஒருவர் பின்னே வந்தார். முதல் வீட்டில் குரோட்டன்ஸுக்குள் ஒரு சிவப்புக் குறி. அடுத்த வீட்டில் கார் ஷெட்டின் நடுவில். அதற்கடுத்து மதிலைத் தாண்டி உள்ளே, துளசி மாடத்துக்குப் பக்கத்தில். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. லுங்கியோடும் நைட்டியோடும் தெருவே வெளியே வந்து நின்றது. “கைக்கு சார், எதுக்கு அளக்கிறீங்க, இது எங்க இடம்” என்று ஒருவர் ஆரம்பிக்க, சர்வேயர் படத்தை நீட்டினார். வீட்டுக்காரர் கண்ணாடியைத் தேடி உள்ளே போனார், திரும்பி வரவில்லை.

செயலாளர் வீடு, எங்களுக்கு முதலில் விழுந்த அந்த மனைதான், தெருவின் நடுவில் இருக்கிறது. மேல்மாடி வாடகைக்காரருக்கு வெளிப்பக்கமாக மாடிப்படி கட்டியிருந்தார். டேப் அந்தப் படியின் கீழே போய் அப்பால் வந்தது. படி முழுவதும் சாலையில் இருந்தது. பெயிண்ட்காரர் முதல் படியில் ஒரு குறி போட்டார். யோசித்துப் பார்த்துவிட்டு மேல்படியிலும் ஒன்று போட்டார். செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

நான் என் வாசலில் நின்று எல்லாவற்றையும் கணவருக்கு விவரித்துக்கொண்டே வந்தேன். கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஆகிவிட்டது. “படி முழுசும் போகுதா?” என்று இரண்டுதரம் கேட்டார். பிறகு, “பாவம்” என்றார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாவம் எனக்கு அன்று வரவில்லை, வந்ததாகச் சொன்னால் பொய்.

அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம், செயலாளர் வீட்டில். இந்தமுறை எங்களுக்கு அழைப்பு வந்தது, அதுவும் செயலாளரின் மனைவியே நேரில் வந்து. நான் மட்டும் போனேன். நல்ல நாற்காலியில் உட்காரவைத்தார்கள். டிகிரி காப்பி, ரிப்பன் பக்கோடா. ஒருவர் ஆரம்பித்தார்: யோசித்துப் பார்த்தால் முட்டுத்தெருவாக இருப்பது எவ்வளவு நல்லது. இன்னொருவர், வெளி வண்டி வராது, குழந்தைகள் பயமில்லாமல் விளையாடலாம் என்றார். மூன்றாமவர் திருட்டுப் பயமே இல்லை என்றார். பக்கத்துச் சந்து அம்மா கண் கலங்கி, பாவம் அந்த சாருக்குக் கண் தெரியாது, அவர் எங்கே போவார் என்று தெலுங்கில் சொன்னார். எல்லாரும் ஹவ் ஹவ் என்று ஊர் உருதுவில் ஆமாம் போட்டுத் தலையாட்டினார்கள். நான் காப்பியைக் குடித்தேன். இவ்வளவு காலம் இந்த அறிவும் இந்த இரக்கமும் எந்த மதிலுக்குள் இருந்தன என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை. எனக்கு வீடு வேண்டும்.

மனுவைத் திரும்பப் பெற்று ஒரு கடிதம் எழுதவேண்டும் என்று முடிவாயிற்று. யார் எழுதுவது என்ற பேச்சு வந்ததும் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மேடமே எழுதிட்டா நன்னாயிருக்கும்” என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். எங்கள் முந்தைய மனுவை முழுவதுமாகத் திரும்பப் பெறுகிறோம். தெரு இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும். அவ்வளவுதான். செயலாளர் வாங்கிப் படித்தார். திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் ஒன்றுமில்லை.

“மேடம், கடைசியில ஒரு பாரா… பொதுநலனை முன்னிட்டுன்னு…”

“வேண்டாம் சார். இருக்கிறதே போதும்.”

“ரொம்பச் சின்னதா இருக்கே.”

“சின்னதாவே இருக்கட்டும் சார்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமலே ஜன்னல் வழியாக வெளியே மாடிப்படியைப் பார்த்தார். அந்தப் படியில் ஏறித்தான் அவருடைய வாடகைக்காரர் வருகிறார், அந்த வாடகையில்தான் பாதிக் குடும்பம் ஓடுகிறது என்பது அப்போதுதான் என் புத்திக்கு எட்டியது. என் கணவர் சொன்ன பாவம் கொஞ்சம் தாமதமாக எனக்கும் வந்துசேர்ந்தது.

கடிதம் கொடுத்துவிட்டால் உடனே முடிந்துவிடுமா? கோடைக்காலம் முழுவதும் அலைந்தேன். கடைசியில் ஜூனில் முதல் மழை பெய்த அன்று அந்த இளம் அதிகாரி போன் செய்தாள். காலனி வேண்டாம் என்கிறது, சந்தின் மறுகோடியில் காலியாகக் கிடக்கும் அரசு நிலம் வழியாகவே இணைப்புச் சாலையைக் கொண்டுபோகக் குழுவில் ஒப்புக்கொண்டார்கள், அதில் யாருடைய வீடும் இல்லை, எங்கள் வீட்டை எடுக்கும் உத்தரவு ரத்து என்றாள். மதிலையும் மாடிப்படியையும் இப்போதைக்குத் தொடமாட்டோம், தெருவில் சாக்கடை போடக் குழி தோண்டும்போது வாசல் சரிவுகளையும் வேலிகளையும் மட்டும் எல்லாரும் உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றும் சொன்னாள். “எழுத்தில் வருமா அம்மா?” என்று கேட்டேன். “போஸ்ட் போட்டாயிற்று மேடம்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “சாரிடம் சொல்லுங்கள்” என்றாள். போனை வைத்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மார்பிலிருந்து ஏதோ ஒரு பெரிய சாமானை யாரோ தூக்கி இறக்கி வைத்தார்கள்.

அவர் பின்தாழ்வாரத்தில், மழைக்கு முன்னால் எடுத்த துணிகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த துண்டு அப்படியே கையில் நின்றது.

“நெசமாவா?”

“நெசமாத்தான். எழுத்துல வருது.”

கட்டிலில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழைச் சத்தம் தகரக் கூரையில் பலமாக இருந்தது. அவர் அழுவார் என்று நினைத்து நான் தயாராக இருந்தேன். அவர் துண்டை மடித்து முடித்தார், ஓரங்களைச் சரிபார்த்தார்.

“ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத,” என்றார். “ஃப்ளாட்டுக்குப் போவோம் போவோம்னு சொன்னேன்லா, நீ இருக்க வரைக்கும் எங்க இருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல. நீ எனக்கு முன்னாடி போயிட்டன்னா என்ன செய்யன்னுதான் யோசன. அங்கன ஒரு தம்ளர் தண்ணி எடுக்கக்கூட யாரையாவது கூப்பிடணும். இங்கன இருந்தா நான் சமாளிச்சுக்கிடுவேன்.”

எனக்குக் கோபம் வந்தது. ஆபீஸ் ஆபீசாக நான் ஏறி இறங்கியபோதெல்லாம், இந்த மனிதருக்காக வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு ஒரே பெருமை. இவரோ அத்தனை நாளும் மனதுக்குள் என்னை அடக்கம் செய்து அனுப்பிவிட்டு, தனியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னிடம் சொன்னால் நான் பயப்படுவேன் என்று லிஃப்ட்டைப் பற்றியும் என் முழங்காலைப் பற்றியும் பேசியிருக்கிறார்.

“நான் செத்தபொறவு தண்ணி குடிக்கதப் பத்தியா இத்தன நாளா யோசிச்சுக்கிட்டு இருந்திய?” என்று கேட்டேன்.

“ஹவ்” என்றார்.

நான் அவர் தோளில் ஒன்று வைத்தேன், கொஞ்சம் பலமாகவே. பிறகு அந்தத் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் ஒரு கையால் என் தலையைத் தடவிக்கொண்டு, மறு கையால் அடுத்த துணியைத் தேடி எடுத்தார்.